இரும்பறைக்குள் யாருடைய பொன்: களவுப் படம் எடுக்கும் திருகோணமலை இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பிள்ளைகளுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரிலும் அதைச் சூழ்ந்த உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களிலும் கைத்தொலைபேசியையும் இரவல் கமராவையும் வைத்துக்கொண்டு குறும்படம் எடுத்துவரும் உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். நான் சினிமாத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். இந்த நகரின் வங்கியொன்றில் 26 வருடங்கள் பணிபுரிந்து, அதில் பெரும்பகுதியை அடகுப் பகுதியிலேயே கழித்து, ஓய்வு பெற்றவள். படம் பார்ப்பதில், அதிலும் களவைப் பற்றிய படங்களைப் பார்ப்பதில், சிறுவயது முதல் எனக்குத் தீராத ஆசை உண்டு. இந்த இரண்டும் சேர்ந்த இடத்திலிருந்துதான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு உங்களில் சிலருடைய குறும்படங்களை மண்டபமொன்றில் திரையிட்டபோது நானும் மருமகளுடன் வந்து பின்வரிசையில் இருந்தேன். அன்று காட்டிய ஆறு படங்களில் மூன்று களவுப் படங்கள். அவற்றுள் ஒன்றில் நான்கு இளைஞர்கள் வங்கி ஒன்றின் இரும்பறையை உடைத்து, அள்ளி வந்த பையைப் பாயில் கொட்டுகிறார்கள். சங்கிலிகளும் காப்புகளும் விழுந்த குவியலின் மேல் கடைசியாக ஒரு தாலிக்கொடி விழுந்தது. மற்றவை யாவும் கவரிங் நகைகள். அந்தக் கொடி மட்டும் உண்மையானது. அது விழுந்து சுருண்ட விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களில் ஒருவருடைய அம்மா, படத்துக்குத்தானே என்று நம்பிக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். கமரா அதை ஒரு கணத்தில் கடந்து போய்விட்டது. இளைஞர்கள் கட்டியணைத்துச் சிரித்தார்கள், மண்டபம் விசிலடித்தது. நான் வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தக் கொடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது யாருடையது, எதற்காக வங்கிக்கு வந்தது, திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணுக்கு யார் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகளில் ஒன்றுகூட அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு எழவில்லை.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். களவைப் பற்றிப் படம் எடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இளைஞர்களைக் கெடுக்கும், பொலிசாருக்குத் தலையிடி தரும் என்று பெரியவர்கள் சிலர் அன்று மண்டப வாசலில் பேசிக்கொண்டதை நானும் கேட்டேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1930 இல் எழுதப்பட்டு 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட திரைப்பட ஒழுங்குவிதிகள், களவு, கொள்ளை, பெட்டக உடைப்பு, ரயிலுக்கு வெடிவைத்தல் ஆகியவற்றின் செய்முறையை விரிவாகக் காட்டக்கூடாது என்றும், குற்றத்தின் மீது பார்ப்பவருக்கு அனுதாபம் உண்டாகக்கூடாது என்றும் கட்டளையிட்டன. அதன் விளைவாக, எவ்வளவு கெட்டித்தனமான கள்ளனும் கடைசிச் சுருளில் பிடிபட்டோ செத்தோ ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. கள்ளனைத் தண்டித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று அந்த விதிகளை எழுதியவர்கள் நம்பினார்கள். களவு கொடுத்தவர் யார் என்ற கேள்வியோ அவர்களுடைய விதிகளிலும் இல்லை. ஆகவே உங்கள் நாயகன் தப்பிப் போவதில் எனக்கு ஆட்சேபனை கிடையாது, தாராளமாகத் தப்பட்டும். நான் கேட்பது வேறு.

களவுப் படம் ஏன் நமக்குப் பிடிக்கிறது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதில் தொழில் இருக்கிறது. 1955 இல் ஜூல்ஸ் டசான் பிரான்சில் எடுத்த 'ரிஃபிஃபி' என்ற படத்தில் நகைக்கடை ஒன்றின் கூரைத்தளத்தை மேல்வீட்டிலிருந்து துளைக்கும் காட்சி ஏறக்குறைய அரைமணி நேரம் நீள்கிறது. அந்த அரைமணி நேரத்தில் ஒரு வசனமும் இல்லை, இசையும் இல்லை. சிறு துளை விழுந்ததும் அதன் வழியே ஒரு குடையைக் கீழே இறக்கி விரிக்கிறார்கள். உடையும் காரைத்துண்டுகள் தரையில் விழுந்து ஓசை எழுப்பாமல் குடைக்குள் சேருகின்றன. நால்வரும் வியர்வையோடு, பொறுமையோடு, ஒருவர் கையை மற்றவர் எதிர்பார்த்து வேலை செய்வதைப் பார்க்கும்போது, நல்ல தச்சனையோ பொற்கொல்லரையோ பார்த்துக்கொண்டு நிற்கும் மகிழ்ச்சி உண்டாகிறது. டசான் அரசியல் காரணங்களால் ஹொலிவூட்டில் வேலை மறுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்தவர். குறைந்த செலவில் அந்தப் படத்தை எடுத்து, அதே வருடம் கான் விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார். பணமில்லாமல் படம் எடுக்கும் உங்களுக்கு அவரிடம் கற்க நிறைய உண்டு. உங்கள் படங்களில் களவு நடக்கும் வேளையிலெல்லாம் மேளமும் கிற்றாரும் அதிர்ந்துகொண்டே இருந்தன. ஒரு துளையிடும் கருவியின் ஓசை எவ்வளவு பயங்கரமானது என்பதைக் கேட்கவிடாமல் நீங்களே தடுத்துவிட்டீர்கள்.

தொழிலைக் காட்டுவதென்றால் இரும்பறையின் தொழிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளை நான் விவரிக்கப் போவதில்லை; அவை எழுதக்கூடியவை அல்ல. அடகுக்கு வந்த பொருள் எப்படி உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று படங்களிலும் நகைகள் தேங்காய்க் குவியல்போலக் கிடந்தன. கவுன்ரருக்கு வரும் பெண் முதலில் தேசிய அடையாள அட்டையைத் தருவார். நகையை உரைகல்லில் உரைத்து, அமிலம் தொட்டு, எத்தனை கரட் என்று பார்ப்போம். பிறகு நிறுப்போம், 8 கிராம் ஒரு பவுண். முற்பணத் தொகையைச் சொல்லி, அவர் சம்மதித்த பின்னர், அடகுச் சீட்டை எழுதி, நகையைச் சிறு உறையிலிட்டு, சீட்டின் இலக்கம், பெயர், நிறை ஆகியவற்றைக் குறித்து முத்திரையிடுவோம். இரும்பறைக்குள் இருப்பவை இப்படிப்பட்ட உறைகள், ஆயிரக்கணக்கில். அந்த அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. திறப்புகள் இரண்டு பேரின் பொறுப்பில் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் நாயகன் அந்த அறைக்குள் நுழைந்துவிட்டான். பொன்னை எடுப்பதற்கு அவன் உறை உறையாகக் கிழிக்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் ஒரு பெயர். இது பரிஸோ லாஸ் வேகாஸோ அல்ல. ஒரு வீதியில் நடந்தால் மூன்று பேர் சுகம் விசாரிக்கும் ஊர். இருபதாவது உறையில் தன் பள்ளிக்கூட ஆசிரியையின் பெயரை அவன் காண்பான். நாற்பதாவது உறையில் சின்னம்மாவின் பெயர் இருக்கும். அந்த உறையை அவன் கிழிப்பானா, ஒதுக்கி வைப்பானா, ஒதுக்கி வைத்தால் கூட இருப்பவன் என்ன கேட்பான்? எந்தப் பெரிய நாட்டின் களவுப் படத்திலும் இல்லாத ஒரு காட்சி உங்கள் ஊரின் சிறுமையிலேயே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை எடுக்காமல், கறுப்புக் கண்ணாடி அணிந்து மெதுவாக நடந்துவரும் காட்சியை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள் என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

அந்த உறைகளுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லத்தான் மடலே எழுதுகிறேன். தம்பலகாமத்து வயற்காரக் குடும்பங்கள் பெரும்போக விதைப்புக்கு முன்பு வந்து காப்பையும் சங்கிலியையும் வைத்து, விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பணம் கொண்டுபோய், அறுவடை முடிந்து நெல் விற்ற பின்னர் வந்து மீட்பார்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிவிட்டால் நிலாவெளிப் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். மகன் வெளிநாடு போக முகவருக்குக் கட்டவேண்டும் என்று மூதூரிலிருந்து ஒரு தாய் வருவார். கொடியைக் கழற்றித் தரும் பெண்கள் மஞ்சட்கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு, கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி நிற்பார்கள். குடும்பத்தில் கல்யாணம் வந்தால் எங்கிருந்தாவது கைமாற்று வாங்கி வெள்ளிக்கிழமை மீட்டு, சபையில் அணிந்து, திங்கட்கிழமை திரும்பவும் கொண்டுவந்து வைப்பார்கள். இப்படி 15 வருடங்களாக உள்ளேயும் வெளியேயும் போய்வந்த கொடிகளை எனக்குத் தெரியும். குழந்தையின் பஞ்சாயுதப் பதக்கத்தைக்கூடக் கொண்டுவருவார்கள். அதை நிறுக்கும்போது தராசைப் பார்க்க எனக்கு மனம் வராது.

2013 இல் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சரிந்தபோது, வாங்கிய பணமும் வட்டியும் சேர்ந்த தொகை நகையின் பெறுமதியைத் தாண்டிவிட்டது. கணக்குப் பார்த்த பலர் மீட்காமலே விட்டார்கள். நகைகள் ஏலத்துக்குப் போயின. அந்த நாட்களிலும் சில பெண்கள் வந்து, கடையில் புதிதாக வாங்குவதைவிடக் கூடுதலான பணத்தைக் கட்டித் தாங்கள் வைத்த அதே கொடியையே மீட்டுப் போனார்கள். "வேறொன்று வாங்கலாமே, அக்கா" என்று ஒருவரிடம் நான் சொன்னபோது அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை; உறையைத் திறந்து கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரைப்படத்துக் கள்ளன் அள்ளிக்கொண்டு போகும் பொருளுக்கு நகைக்கடை விலையைத் தவிர வேறொரு விலையும் உண்டு என்பதை நான் அன்றுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26 க்குப் பின்வந்த வாரங்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. கடல் வந்து வீட்டையும் ஆட்களையும் கொண்டுபோன பிறகு, கரையோரத்துப் பெண்கள் எங்கள் கவுன்ரருக்கு வந்தார்கள். சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை, செருப்புக்கூட இல்லாமல் வந்தவர்களும் இருந்தார்கள். பதிவேட்டைப் புரட்டிப் பெயரைத் தேடினோம். ஒரு பெண், தன்னுடைய காப்பில் உட்புறமாக ஒரு நெளிவு உண்டு, உலக்கை பட்டது என்று சொன்னார். உறையைப் பிரித்தபோது அந்த நெளிவு அங்கே இருந்தது. வீட்டில் இருந்திருந்தால் அந்தக் காப்பும் போயிருக்கும். கஷ்டத்துக்கு அடகு வைத்ததால் மிஞ்சியது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே "வங்கிப் பணம்தானே, காப்புறுதி இருக்கிறது, யாருக்கும் நட்டமில்லை" என்று உங்கள் படத்தில் ஒரு பாத்திரம் சொல்லி, மற்றவர்கள் தலையசைத்து, கதை மேலே நகர்ந்தபோது நான் இருக்கையில் நிம்மதியாக இருக்கவில்லை. காப்புறுதி பொன்னின் விலையைத் தரலாம். உலக்கை பட்ட நெளிவு திரும்பி வருமா?

இதே வாதத்தின் இன்னொரு வடிவம் 2017 இல் வெளிவந்த ஸ்பானியத் தொடரான 'மணி ஹைஸ்ட்' மூலம் உங்களிடம் வந்திருக்கிறது. சிவப்பு உடையையும் முகமூடியையும் உங்கள் படமொன்றிலும் கண்டேன். அந்தத் தொடரில் கொள்ளையர்கள் நாணயச்சாலைக்குள் புகுந்து, அங்கேயே புதிய தாள்களை அச்சிடுகிறார்கள். எவருடைய பணத்தையும் எடுக்காததால் எவரும் களவு கொடுக்கவில்லை என்பது அவர்களின் நியாயம். விறுவிறுப்பான தொடர்தான், நானும் இரவிரவாகப் பார்த்தேன். ஆயினும் இலங்கையில் இருந்துகொண்டு அந்த நியாயத்தை ஏற்க என்னால் முடியவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. மிதமிஞ்சிப் பணம் அச்சிட்டது அதற்கான காரணங்களுள் ஒன்று. அந்த வருடம் அடகுப் பகுதிகளுக்கு முன்னால் நின்ற வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெறுமதியில்லாமல் அச்சிடப்படும் ஒவ்வொரு தாளும் ஏற்கனவே ஒருவர் கையில் இருக்கும் தாளிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை ஐரோப்பியர் ஒருவர் மறக்கலாம். அதை அனுபவித்து ஐந்து வருடங்கள்கூட ஆவதற்கு முன்னரே நீங்கள் படமெடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்களால் மறக்க முடியாது.

உலகத்தில் நடந்த பெருங்களவுகளைப் பற்றிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை தெரிகிறது. 1963 ஆகஸ்ட் 8 ஆம் திகதி கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குச் சென்ற அஞ்சல் ரயிலை மறித்து 26 இலட்சம் பவுண்களைக் கொள்ளையிட்டார்கள். அதில் சிறிய பங்கே வகித்த ரொனி பிக்ஸ் சிறையிலிருந்து தப்பி, பிரேசிலில் பல காலம் வாழ்ந்து, உலகப் புகழ் பெற்றார். ரயிலை ஓட்டிய ஜக் மில்ஸ் தலையில் அடிபட்டார். கொள்ளையர் கூட்டிவந்த மாற்றுச் சாரதிக்கு அந்த வகை எஞ்சினை ஓட்டத் தெரியாததால், இரத்தம் வடிய வடிய மில்ஸையே ஓட்ட வைத்தார்கள். அவர் பழையபடி முழுநேரம் ரயில் ஓட்டவே இல்லை. 1970 இல் இறந்துபோனார். பிக்ஸின் பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு மில்ஸின் பெயர் தெரியும்? 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் ஹட்டன் கார்டனில் வயோதிபர் குழுவொன்று சுவரைத் துளைத்துப் பெட்டகங்களைக் கொள்ளையிட்டபோதும் அப்படியே நடந்தது: கிழவர்களின் துணிச்சலைப் பற்றிப் பல படங்கள் வந்தன; பெட்டகங்களில் தங்கள் சேமிப்பை வைத்திருந்த சிறு வியாபாரிகள் அப்படங்களில் ஓரமாக வந்து போனார்கள். நம் நாட்டிலும் உத்துவன்கந்தைச் சரதியல் என்ற கொள்ளைக்காரனின் பெயரில் கதைகள் ஏராளம். 1864 மார்ச் 21 ஆம் திகதி அவனைப் பிடிக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் சபானை, வருடத்தில் ஒருநாள் பொலிசார் நினைவுகூருகிறார்கள்.

குறையில்லாத படமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது; 1948 இல் விற்றோரியோ டி சிக்கா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. அதன் தொடக்கத்திலேயே ஓர் அடகுக் கடை வருகிறது. வேலைக்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. அதை மீட்க மனைவி கட்டில் விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் வைக்கிறாள். கடை ஊழியர் அந்தப் பொதியைத் தூக்கிக்கொண்டு உயரமான அடுக்குகளில் ஏறுகிறார். கமரா அவரைத் தொடர்ந்து மேலே போகப் போக, கூரை வரைக்கும் அதே மாதிரியான பொதிகள், ஊரின் அத்தனை வீடுகளின் படுக்கை விரிப்புகள். சில கணங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் களவு போகும்போது என்ன போனது என்று நமக்கு அளந்து தெரிகிறது. கடைசியில் அந்தத் தகப்பனே மகனின் கண்முன் ஒரு சைக்கிளைக் களவெடுக்க முயன்று பிடிபடுகிறான். களவு கொடுத்தவனும் கள்ளனும் ஒரே ஆள். நாயகனாக நடித்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. வங்கியையோ வெடிமருந்தையோ தேடி அலையாமல் ஒரு சைக்கிளை வைத்து எடுத்த களவுப் படம் அது. இருபது வருடங்கள் உறைகளை அடுக்கிய நான் அந்த ஊழியர் ஏணியில் ஏறும் காட்சியைத் தனியே ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

தமிழிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள்; களவுப் படம் எடுப்பவராக அதை மறுபடி வாசியுங்கள். கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பு, இழந்த பொருளை ஈட்டுவதற்கு முதலாக வைத்திருந்தது; இன்றைய கணக்கில் அது அடகுக்கு வந்த நகை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், காவலர்களை அழைத்துவந்து நிற்கிறான். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்கியதும் அவன் என்ன செய்கிறான்? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்ளருக்குத் துணையான எட்டையும் அடுக்குகிறான். அதோடு ஒரு களவுக் கதையையும் சொல்கிறான்: தூதனைப்போல வாயிலில் காத்திருந்து, பெண்வேடத்தில் இருளுக்குள் புகுந்து, விளக்கின் நிழலோடு நிழலாகப் போய், உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்த வயிர ஆரத்தை மின்னல்போல எடுத்த கள்ளனின் கதை. எவ்வளவு அழகான காட்சி! அதைக் கேட்ட காவலன் ஒருவனும் தன் பங்குக்கு ஒரு கள்ளன் கதையைச் சொல்கிறான். அந்தச் சுவையில் எல்லோரும் இருக்கும்போதே, கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். உண்மைக் கள்ளன் கதை சொல்லிக்கொண்டு நிற்கிறான். குற்றமற்றவன் வெட்டுண்டு கிடக்கிறான். இளங்கோவடிகள் அந்தக் காப்பியத்துக்குக் கள்ளனின் பெயரையும் வைக்கவில்லை, அரசனின் பெயரையும் வைக்கவில்லை. கண்ணகியின் சிலம்பின் பெயரை வைத்தார்.

பழி குற்றமற்றவர் மீது விழுவதை நானும் என் வீட்டில் கண்டிருக்கிறேன். எனக்குப் பதினாறு வயதில் எங்கள் வீட்டில் கன்னம் வைத்து அம்மாவின் அட்டியலைக் கொண்டுபோனார்கள். கள்ளன் கடைசிவரை அகப்படவில்லை. வீட்டில் எடுபிடி வேலைக்கு வந்துபோன அயலவர் மகன் ஒருவன் மீது எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அவனை அழைத்து விசாரித்தார்கள். அவனுடைய தாயார் வாசலில் நின்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். எங்கள் இரண்டு குடும்பங்களும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அட்டியல் போனதை அம்மா சில வருடங்களில் மறந்தார். அந்தத் தாயை ஒழுங்கையில் காணும்போது தலைகுனிந்து விலகுவதை இறக்கும்வரை விடவில்லை. வங்கியிலும் அப்படித்தான். இரும்பறையில் ஓர் உறை குறைந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர்கள் திறப்பு வைத்திருக்கும் இருவர், பிறகு காவலாளி, பிறகு கூட்டித் துடைக்க வரும் பெண். உங்கள் நாயகர்கள் கடற்கரையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் அந்தக் காலையில், இவர்கள் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அழைக்கப்படுகிறார்கள். அந்தத் திங்கட்கிழமைக் காலையை இதுவரை எந்தக் களவுப் படத்திலும் நான் நிறைவாகப் பார்த்ததில்லை. உங்களுக்கு அது பத்து நிமிடப் படமாகவே போதும்: ஒரு நாற்காலி, ஒரு மேசை, கூட்டும் பெண்ணின் முகம்.

இன்னொரு கருவும் உங்கள் கண்முன்னே நிற்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் கோட்டை வாசலைக் கடக்கிறீர்கள்; அதில் இணைக்கயல் சின்னத்தையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் காண்கிறீர்கள். 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் படையினர், சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி வெளிவீதி சென்றிருந்த வேளையில், ஐயர் வேடமிட்டு உள்ளே புகுந்து கோயிலைக் கொள்ளையிட்டார்கள் என்று எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கோயிலை இடித்த கற்களைக் கொண்டே கோட்டையும் கட்டினார்கள். மாறுவேடம், நாள் பார்த்தல், உட்புகுதல் என்று களவுப் படத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது அதன் மறுபக்கம். யாரோ சிலர், அந்த ஆபத்தின் நடுவில், வெண்கலத் திருமேனிகளை எடுத்துச் சென்று மண்ணுக்குள் புதைத்தார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. 1950 இல் நகரில் கிணறு தோண்டியவர்களின் மண்வெட்டியில் அவை தட்டுப்படும்வரை, அந்த இரகசியம் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக மண்ணில் கிடந்தது. இருட்டில் பாரம் சுமந்து, ஓசைபடாமல் குழி வெட்டி, யாரிடமும் சொல்லாமல் செத்துப்போனவர்களின் படத்தை எடுங்கள். 'ரிஃபிஃபி' படத்தின் அந்த அரைமணி நேர மௌனம் அப்படியே பொருந்தும். கைகள் மட்டும் எடுப்பதற்குப் பதிலாக ஒளித்து வைக்கும். 1962 இல் மைக் வில்சன் இயக்கி, சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணப் படமாக வந்த 'ரன்முத்து தூவ' கடலடிப் புதையலைத் தேடும் கதை. எங்கள் கடலையும் அவர் அதற்குப் பயன்படுத்தினார். புதையலைத் தேடியவர்களின் படம் வந்து அறுபது வருடங்கள் கடந்துவிட்டன. புதைத்தவர்களின் படம் இன்னும் வரவில்லை.

கடைசியாக, அந்தத் தாலிக்கொடியைப் பற்றி. படப்பிடிப்பு முடிந்த அன்றே அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதன் நிறை எத்தனை பவுண், எந்த வருடம் செய்தது, எத்தனை முறை வங்கிக்குப் போய்வந்தது என்று ஒருநாள் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படத்துக்கு அடகுப் பகுதிக் காட்சி வேண்டுமானால், மண்டபத்தில் என்னைக் கண்டவர்களிடம் சொல்லியனுப்புங்கள். சீட்டு எழுதும் முறையையும், உறை மடிக்கும் முறையையும், கல்லில் உரைத்துப் பார்க்கும் விதத்தையும் நானே வந்து காட்டித்தருகிறேன். என்னுடைய பழைய உரைகல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. படத்துக்கு அதை இரவல் தரவும் சம்மதம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அடகுப் பகுதி அலுவலர் ஒருவர்,
திருகோணமலை.